ஒரு ஃப்ரெட் தூரம்

மண்டலின் பழகத் தொடங்குகிற யாருக்கும் முதல் வாரம் ஒரே மாதிரித்தான் போகும். இடது கை விரல் நுனி நோகும். நோ எண்டால் சும்மா நோ இல்லை. உடுப்புத் தோய்க்கேக்க சவர்க்காரத் தண்ணி பட்டால் எரியும். ஃபோனில மெசேஜ் அடிக்க வேற விரல் தேட வேண்டி வரும். பார்த்தால் கிட்டாரை விடச் சின்னச் சாமான், மடியில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். அது இப்படிக் கடிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காரணம் எளிது. மண்டலினில் எட்டுத் தந்திகள். இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, நான்கு வரிசையாக நிற்கின்றன. சோடியில் உள்ள இரண்டுக்கும் ஒரே சுருதி. ஆகவே ஒரு சுரத்தைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் இரண்டு உருக்குத் தந்திகளை ஒரு விரலால் அழுத்த வேண்டும். இரண்டு மூன்று கிழமையில் தோல் தடித்துவிடும். அதற்குப் பிறகு நோ பெரிய விசயமில்லை. பெரிய விசயங்கள் வேறு இருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் பேராதனையில் கலைப்பீடம், இரண்டாம் வருடம். வீடு வவுனியா. என் அறைத்தோழி குருநாகல் பக்கம். நான் தமிழ் மூலம், அவள் சிங்கள மூலம். ஒரே பீடம், ஒரே விடுதி, ஒரே அறை. ஆனால் விரிவுரை மண்டபம் வேறு, குறிப்புக் கொப்பி வேறு, கன்டீனில் இருக்கிற மேசையும் வேறு. எங்களுக்கிடையில் பொது மொழி என்று இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதில் நாங்கள் பேசியது எல்லாம் தண்ணி வருதா, லைற்றை நிப்பாட்டவா, அறைச் சாவி ஆரிட்ட இருக்கு என்ற அளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கிற அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லை என்பதுதான் சரி.

ஒரு லீவு முடிந்து வரும்போது அவள் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தாள். உள்ளே மண்டலின். "தாத்தாவுடையது" என்றாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எங்களுக்குத் தாத்தா என்றால் அம்மப்பாவோ அப்பப்பாவோ. அவளின் அப்பாவுக்கு ஐம்பது வயதுதான் இருக்கும். கலியாண வீடுகளிலும் ஊர்க் கொண்டாட்டங்களிலும் வாசிக்கிறவராம். இவளுக்கும் கொஞ்சம் பழக்கிவிட்டிருக்கிறார். எனக்கோ மண்டலின் என்றால் யூ. ஸ்ரீநிவாஸ், சபாக் கச்சேரி, தியாகராஜர் கீர்த்தனை. அவளுக்கு மண்டலின் என்றால் முற்றத்தில் கதிரை போட்டு இரவிரவாகப் பாடுகிற பாட்டு. இரண்டு பேரும் ஒரே வாத்தியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். "என்னடி, சோதினைக்குப் படிக்கிறியோ, இல்லாட்டிக் கச்சேரிக்கு வெளிக்கிடுறியோ?" என்றா. அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சங்கீதம் எப்போதும் சோதினையோடு வந்த சாமான். ஓ.எல்லுக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்தேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் கொஞ்சம் செய்தேன். சான்றிதழ்கள் ஃபைலுக்குள் இருக்கின்றன. கடைசிப் பரீட்சை முடிந்த நாளோடு பாட்டும் முடிந்தது. அவளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். அவள் படித்தது கீழைத்தேய சங்கீதம். அதிலும் ஏ. அதற்கும் சான்றிதழ்.

இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. எங்கள் பாடசாலைகளில் இந்த இரண்டும் தனித்தனிப் பாடங்கள். தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதம் படிப்பார்கள். சிங்களப் பிள்ளைகள் படிக்கிற கீழைத்தேய சங்கீதத்தின் அத்திவாரம் வட இந்திய இசை. ஸ ரி க ம இரண்டிலும் உண்டு. பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி கிடைத்துவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோசப்பட்டோம்.

முதல் நாள் பாடம். வீணையில் மெட்டு என்று சொல்வோமே, மண்டலின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற அந்த உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்கிறார்கள். ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரைச் சுரம். அவள் "ஷுத்த ரி" என்றாள். நான் முதலாம் ஃப்ரெட்டை அழுத்தினேன். "நே, நே" என்று என் விரலைத் தூக்கி இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தாள். "இது சதுஸ்ருதி ரிஷபம். சுத்த ரிஷபம் இங்க" என்று நான் திரும்ப முதலாம் ஃப்ரெட்டுக்கு வந்தேன். "அது கோமல ரி" என்றாள். இரண்டு பேரிடமும் ஏ சித்தி இருந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஃபோனில் தேடிப் பார்த்தோம். இரண்டு பேரும் சரி. கர்நாடக இசையில் சுத்த ரிஷபம் என்பது ஸவுக்கு அடுத்த அரைச் சுரம். இந்துஸ்தானியில் அதே இடத்துக்குப் பெயர் கோமல ரி. அவர்கள் ஷுத்த ரி என்று சொல்வது எங்களின் சதுஸ்ருதி ரிஷபத்தை. தைவதத்திலும் இதே குழப்பம். மத்திமத்தில் மட்டும் இல்லை. அங்கே இரண்டு பக்கத்துச் சுத்தமும் ஒரே இடம்தான்.

ஒரே சொல், ஒரு ஃப்ரெட் தள்ளி.

அதற்குப் பிறகு நாங்கள் பெயர் சொல்வதை விட்டுவிட்டோம். ஃப்ரெட் எண் சொன்னோம். "ஒன்று, நாலு, ஐந்து." இதில் குழப்பமே வராது. இப்படி எண் சொல்லப் போய்த்தான் இந்த வாத்தியத்தின் உள்ளமைப்பே எனக்கு விளங்கியது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், கணக்குப் பாடம் மாதிரி இருந்தாலும் நல்ல கணக்கு.

மண்டலினின் நான்கு சோடிகளையும் கீழ்ச் சுருதியில் இருந்து ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். வயலினுக்கும் இதே சுரங்கள்தான். ஒவ்வொரு சோடிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஸவுக்கும் பவுக்கும் உள்ள தூரம். ஆகவே டி தந்தியை ஸ என்று வைத்தால், அடுத்திருக்கிற ஏ தந்தி தானாகவே ப. இனி நாங்கள் சின்ன வயதில் சரளி வரிசை பழகிய மாயாமாளவகௌளையை எடுங்கள். டி தந்தியைத் திறந்து மீட்டினால் ஸ. முதலாம் ஃப்ரெட் ரி. நாலாவது க. ஐந்தாவது ம. அடுத்த தந்தியைத் திறந்து மீட்டினால் ப. முதலாம் ஃப்ரெட் த. நாலாவது நி. ஐந்தாவது மேல் ஸ. பூச்சியம், ஒன்று, நாலு, ஐந்து. திரும்பவும் பூச்சியம், ஒன்று, நாலு, ஐந்து. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே வடிவம்.

ஐந்து வருடம் ஸரிகமபதநிஸ பாடியிருக்கிறேன். அந்த ராகம் நடுவால் மடித்த கடதாசி மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது என்பதை விரல் சொல்லித்தான் அறிந்தேன்.

அவளின் முதல் பாடம் பிலாவல். எங்களின் சங்கராபரணம். அது பூச்சியம், இரண்டு, நாலு, ஐந்து. திரும்பவும் பூச்சியம், இரண்டு, நாலு, ஐந்து. வவுனியாவில் ஒரு பிள்ளையும் குருநாகலில் ஒரு பிள்ளையும் முதன்முதலாகப் பழகுகிற வரிசைகளுக்கு இடையில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: சுட்டுவிரலை ஒன்றில் வைப்பதா, இரண்டில் வைப்பதா. நான் மாயாமாளவகௌளை வாசித்தபோது அவள் எழும்பி உட்கார்ந்து "இது பைரவ்!" என்றாள். அவர்களுக்கு அது விடியற்கால ராகம். எங்களிடம் பைரவி என்று ஒரு ராகம் இருக்கிறது, அவர்களிடமும் பைரவி இருக்கிறது, அவை இரண்டும் வேறு வேறு என்று நான் சொன்னபோது தலையணையால் எறிந்தாள்.

மண்டலினுக்கு வாத்தியார் தேடி நாங்கள் அலையவில்லை. காசும் இல்லை. இந்த இடத்தில் ஸ்ரீநிவாஸின் கதை எனக்குக் கை கொடுத்தது. 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அவருடைய தகப்பன் சத்தியநாராயணா மண்டலின் வாசிப்பவர். மகன் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கியபோது அவனுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை அதைக் கேட்டு மண்டலினில் எடுப்பான். அப்படிப் பழகிய பிள்ளைதான் கர்நாடக மேடையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வாத்தியத்தைக் கச்சேரி வாத்தியமாக்கியது. 2014இல், 45 வயதில் போய்விட்டார்.

நாங்கள் அவர் இல்லை. அது தெரியும். ஆனால் வழி அதே வழிதான். தெரிந்ததைப் பாடு, பாடினதை விரலால் தேடு. இரண்டு வருடமாகத் திறக்காத வாயைத் திறந்து நான் பாடினேன். சுவருக்கு அங்கால இருந்து ஒரு அக்கா ரெண்டு தரம் தட்டினா.

பிறகு வந்தது பெரிய சிக்கல். மண்டலினில் மீட்டிய சுரம் நிற்காது. டிங் என்று வரும், உடனே செத்துப்போகும். வயலினில் வில்லை இழுத்துக்கொண்டிருக்கலாம், பாட்டில் மூச்சுப் பிடிக்கலாம். இங்கே ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் குறைக்கு அவளின் பக்கத்து மருந்து டிரெமலோ. பிக்கை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டி, ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருப்பது. தூரத்தில் நின்று கேட்டால் நீளமான ஒரே சுரம் மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்துப் பழக்கம் கமகம். சுரத்தை நிற்க வைப்பதில்லை, அசைத்துக்கொண்டே இருப்போம். ஆனால் இறுகின இரட்டைத் தந்தியில் கமகம் எடுப்பது சரியான கஷ்டம். அதனால்தான் ஸ்ரீநிவாஸ் சோடித் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மண்டலினுக்குப் போனார். மின்னால் சுரம் கொஞ்சம் கூட நேரம் நிற்கும். ஒற்றைத் தந்தி விரலுக்கு வளைந்து கொடுக்கும்.

"உன்ட சுரம் எல்லாம் ஏன் நடுங்குது, குளிரா?" என்று அவள் கேட்டாள். "உன்ட சுரம் எல்லாம் ஏன் துடிக்குது, பயமா?" என்று நான் கேட்டேன். செத்துப்போகிற சுரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு அவளிடம் ஒரு விடை, என்னிடம் ஒரு விடை. இப்போது நான் டிரெமலோ பழகுகிறேன். அவள் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு விரலைத் தூக்காமல் வழுக்கிப் போகப் பழகுகிறாள்.

இனி, தொடங்க நினைக்கிறவர்களுக்குச் சில விசயம். நாங்கள் தட்டுத் தடவிக் கண்டுபிடித்தவை.

சுருதி சேர்க்காமல் ஒருநாளும் வாசிக்காதீர்கள். ஃபோனுக்கு இலவசமாகச் சுருதி காட்டும் ஆப் இருக்கிறது. சோடியில் ஒன்றை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சேருங்கள், பிறகு காதால் இரண்டையும் பொருத்துங்கள். கூடிப்போனால் கீழே இறக்கி, திரும்ப ஏறி வாருங்கள். சரி பார்க்க ஒரு வழி: ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த தந்தியின் சுரம் வர வேண்டும்.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, வயலினில் குதிரை என்போமே, அது அநேகமான மண்டலின்களில் ஒட்டியிருக்காது. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஆகவே தந்தி மாற்றும்போது எட்டையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. பழைய மண்டலின் வாங்கினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள். திறந்த தந்தியின் மேல்ஸ்தாயி சரியாக வராவிட்டால் குதிரை இடம் மாறி நிற்கிறது. தந்தி ஃப்ரெட்டுக்கு மேல் அதிக உயரத்தில் நின்றால் யாராவது திருத்தத் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்குங்கள். அநேகம் பேர் பாதியில் விடுவது அந்த உயரம் தருகிற நோவால்தான்.

விரலை ஃப்ரெட்டுக்கு மேலே வைக்காதீர்கள். அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள், பாதி பலம் போதும். பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். எல்லாரும் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் மண்டலின் வலது மணிக்கட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலத்தை விட ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிசம் நல்லது. பக்கத்து அறையில் படிக்கிறார்கள் என்றால் குதிரைக்குக் கிட்ட, தந்திக்குக் கீழே ஒரு லேஞ்சியைச் செருகுங்கள். சத்தம் பாதியாகிவிடும்.

வாசிப்பதை ஃபோனில் பதிந்தும் வையுங்கள். ஆர்.ஈ.எம் குழுவின் பீட்டர் பக் புதிதாக மண்டலின் வாங்கி, டீவி பார்த்துக்கொண்டே பழகியதைப் பதிந்து வைத்திருந்தார். 1991இல் வந்த 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டின் அந்த மண்டலின் வரிசை அதற்குள் இருந்துதான் வந்தது. தொடங்குகிறவர் விரல், தொடங்குகிறவர் மாதிரியே போகிற வரிசை.

இவ்வளவும் எழுதின பிறகு, "பாத்தியா, இசை எல்லாரையும் ஒண்டாக்கும்" எண்டு ஆராவது சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மே 18 அன்று நான் மண்டலினைத் தொடவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். வவுனியாவில் அம்மா விளக்கேற்றி, கஞ்சி காய்ச்சியிருந்தா. அவளின் ஃபோனுக்கு அந்த நாள் வேறு மாதிரி வந்துகொண்டிருந்தது, கொடிகளோடு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்றும் தோன்றியது, கேட்காதது நல்லது என்றும் தோன்றியது.

நாலைந்து நாள் கழித்து, லைற்றை நிப்பாட்டின பிறகு கேட்டாள்: "அன்றைக்கு ஏன் வாசிக்கவில்லை?" சொன்னேன். 2009இல் எனக்கு ஆறு வயது. முள்ளிவாய்க்காலில் இருந்து முகாம் வரைக்கும் எங்களோடு யார் வந்தது, யார் வரவில்லை என்று சொன்னேன். எனக்கு ஞாபகம் இருப்பது எது, அம்மா சொல்லி ஞாபகமானது எது என்று பிரிக்கத் தெரியாது, அதையும் சொன்னேன். அவள் கனநேரம் பேசவில்லை. பிறகு ஆமியில் இருந்த தன் மாமாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு கால் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டுவாராம். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவளும் நான் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை.

நான் யுத்தம் என்கிறேன். அவள் யுத்தய என்கிறாள். அதுவும் ஒரே சொல்தான். ஆனால் இதற்குள் இருக்கிற தூரம் ஒரு ஃப்ரெட் இல்லை. விரலைத் தூக்கி அடுத்த கோட்டில் வைத்து "இங்க" என்று காட்ட முடியாது. ஃபோனில் தேடி, இரண்டு பேரும் சரி என்று சிரித்து முடிக்கவும் முடியாது. நான் சொல்வதும் அவள் சொல்வதும் ஒரே நிறையும் இல்லை. அதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுக்கவும் இல்லை. எங்களால் முடிந்தது, ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு இடங்களில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டது மட்டும்தான். "ஷுத்த ரி" என்று அன்றைக்குச் சண்டை பிடித்திராவிட்டால், மே மாதத்துக் கேள்வியைக் கேட்க அவளுக்கும் சொல்ல எனக்கும் வாய் வந்திருக்காது என்று நினைக்கிறேன். மண்டலின் செய்தது அவ்வளவுதான். அது சின்னக் காரியம் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் அறை மாறும். மண்டலின் குருநாகலுக்குப் போய்விடும், அவளின் தாத்தாவுக்கு அது தொழில் சாமான். நான் மகாபொலக் காசில் மிச்சம் பிடித்து ஒரு பழைய மண்டலின் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் போன கிழமை ஃபோனில் "உந்தச் சாமான் என்ன விலை?" என்று கேட்டா. அவளின் தாத்தாவும் ஃபோனில் ஒன்று கேட்டாராம்: "அந்த ஒன்று, நாலு, ஐந்தை இன்னொரு முறை சொல்லு."

இந்தக் கிழமை எனக்கு ஜண்டை வரிசை. டிரெமலோ இன்னும் சரியா வரேல்ல.